வயலை விட்டு ஆலைக்கு: திண்டுக்கல் சமவெளியில் பருத்தியின் 150 ஆண்டுகள்

திண்டுக்கல்லிலிருந்து கரூர் செல்லும் சாலையில் வேடசந்தூர் வட்டாரம் முழுக்க நூற்பாலைகள். அவற்றுக்கு வரும் பஞ்சு மூடைகளில் பெரும்பகுதி குஜராத், மகாராஷ்டிரம், தெலங்கானா மாநிலங்களிலிருந்து லாரியில் வருகிறது. ஒரு பகுதி கப்பலேறி வெளிநாட்டிலிருந்தும் வருகிறது. ஆலைச் சுவருக்கு வெளியே உள்ள காடுகளில் மக்காச்சோளம், முருங்கை, தென்னை, காய்கறி என்று பலதும் விளைகின்றன. பருத்தியைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

மாநிலக் கணக்கும் இதையே சொல்கிறது. இந்தியாவின் நூற்புத் திறனில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறது. இங்குள்ள ஆலைகளுக்கு ஆண்டுக்கு நூறு லட்சம் பேலுக்கு மேல் பஞ்சு வேண்டும். ஒரு பேல் 170 கிலோ. தமிழ்நாட்டில் விளைவதோ நல்ல ஆண்டிலும் ஐந்தாறு லட்சம் பேல்தான். வயலுக்கும் ஆலைக்கும் இடையிலான இந்த இடைவெளி எப்படி உண்டானது, அதன் சுமையை யார் தாங்கினார்கள் என்பதைத் திண்டுக்கல் சமவெளியை வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பஞ்சும் நூலும் மலிவாகக் கிடைக்க வேண்டும் என்ற நெருக்கடி ஒவ்வொரு காலத்திலும் இருந்திருக்கிறது. அந்த நெருக்கடி முதலில் பருத்தி விளைவித்த சம்சாரியின் தலையில் இறங்கியது. பிறகு அதே சம்சாரி வீட்டுப் பெண்ணின் தலையில் இறங்கியது.

மண்ணும் இழையும்

சிறுமலைக்கும் பழனி மலைத்தொடருக்கும் நடுவே விரிந்து கிடப்பது திண்டுக்கல் சமவெளி. குடகனாறு இதன் ஊடே வடக்கு நோக்கி ஓடிக் காவிரி வடிநிலத்தில் சேர்கிறது. தெற்கே நிலக்கோட்டைப் பக்கம் வைகை தொட்டுச் செல்கிறது. மண் பெரும்பாலும் செவல், ஆங்காங்கே கரிசல். ஆற்றுப் பாசனம் குறைவு, கிணற்றுப் பாசனமே அதிகம். இங்கே எந்தப் பருத்தி விளைந்தது என்பதைத் தீர்மானித்தவை இந்த மண்ணும் இந்தக் கிணறுகளும்தான்.

தென் தமிழகத்தில் பருத்தி மிகப் பழைய பயிர். பருத்தி நூற்ற பெண்களைப் புறநானூறு பேசுகிறது. மதுரைக்கு அருகே கீழடி அகழாய்வில் நூல் நூற்கப் பயன்பட்ட தக்களிகள் கிடைத்திருக்கின்றன. அண்மைக் காலம் வரை இப்பகுதிகளில் விளைந்தவை உப்பம், கருங்கண்ணி என்னும் நாட்டு இனங்கள். இரண்டும் கரிசலில் மானாவாரியாக, வடகிழக்குப் பருவ மழையை நம்பி வளர்பவை. பூச்சியையும் வறட்சியையும் தாங்கும். ஆனால் இழை குட்டை. கையால் நூற்பதற்கு அது குறையாகத் தெரியவில்லை. இயந்திரம் வந்தபோதுதான் குறையானது.

லங்காஷயரின் பசி

1792இல் ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து திண்டுக்கல் சீமை ஆங்கிலேயக் கம்பெனியின் கைக்கு வந்தது. அடுத்த அரை நூற்றாண்டில் இங்கிலாந்தின் லங்காஷயர் வட்டாரத்தில் ஆலைகள் பெருகின. அவற்றுக்கு நீள இழைப் பஞ்சு தேவைப்பட்டது. அதற்காக 1840களில் தாவரவியலாளர் ராபர்ட் வைட்டின் பொறுப்பில் கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்திப் பண்ணைகள் அமைக்கப்பட்டன. அமெரிக்காவிலிருந்து விதையும் பயிர்செய்யத் தெரிந்த ஆட்களும் வந்தார்கள். ஆனாலும் நம் சம்சாரிகள் அந்தப் பயிரைப் பெரிதாக ஏற்கவில்லை. மானாவாரிக் காட்டில் மழை பொய்த்தால் கருங்கண்ணி பாதியாவது தரும், அமெரிக்கச் செடி ஒன்றும் தராது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. லங்காஷயருக்கு அமெரிக்கப் பஞ்சு நின்றது. இந்தியப் பஞ்சின் விலை ஏறியது. சென்னை மாகாணத்தில் பருத்திப் பரப்பும் பெருகியது. 1865இல் போர் முடிந்ததும் விலை சரிந்தது. தொலைதூரத்துச் சந்தையின் ஏற்ற இறக்கம் கிராமத்துச் சம்சாரியின் வரவு செலவைப் புரட்டிப் போடும் என்பதைப் பருத்தி அப்போதே கற்றுக்கொடுத்தது.

1875இல் திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு ரயில் பாதை திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே தூத்துக்குடித் துறைமுகமும் இணைந்தது. உள்நாட்டுப் பஞ்சு துறைமுகத்துக்குப் போவதும், சீமை நூலும் துணியும் உள்ளே வருவதும் ஒருசேர எளிதாயின. பிரித்தானிய வணிகர்களான ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்திலும் தூத்துக்குடியிலும் ஆலை தொடங்கி, 1890களில் மதுரையில் ஆலை ஓட்டினார்கள். திண்டுக்கல் நகரம் அன்று புகையிலைக்கும் தோலுக்கும் பேர்பெற்ற ஊராக வளர்ந்தது.

இந்த மாற்றத்தில் முதலில் அழிந்தது கைநூற்பு. ஆலை நூல் மலிவாக வந்ததும் நெசவாளர் அதை வாங்கித் தறியில் ஏற்றிக்கொண்டார், தறி பிழைத்தது. வீட்டுத் திண்ணையில் நூற்றுச் சம்பாதித்த பெண்ணுக்கு மட்டும் மாற்று வழி இல்லை. பருத்தித் தொழிலின் நெருக்கடியைப் பெண்கள் முதலில் தாங்கியது அப்போதுதான்.

கம்போடியா வந்தது

வைட் காலத்தில் நடக்காதது 1904, 1905 ஆண்டுகளில் நடந்தது. புதுச்சேரி வழியாகக் கிடைத்த கம்போடியாப் பருத்தி விதையை அரசின் வேளாண் துறை பரப்பியது. இதுவும் அமெரிக்க இனம்தான். ஆனால் இம்முறை அது கரிசல் மானாவாரிக்குப் போகவில்லை. செவல் மண்ணுக்கும் கிணற்றுத் தோட்டத்துக்கும் போனது. கோவையிலும் மதுரை மாவட்டத்திலும் தோட்டக்கால் சம்சாரிகள் அதை ஏற்றுக்கொண்டார்கள். அன்றைய மதுரை மாவட்டத்தில் சேர்ந்திருந்த திண்டுக்கல் சமவெளியின் மண்ணுக்கும் கிணறுகளுக்கும் பொருந்திய பருத்தி இதுதான். சம்சாரி புதுப் பயிரை ஏற்பதும் மறுப்பதும் பழக்கத்தின் பிடிவாதம் அல்ல. மண்ணையும் நீரையும் கூட்டிக் கழித்துப் பார்த்து எடுக்கும் முடிவு அது.

கம்போடியாவோடு சிக்கலும் வந்தது. அறுவடை முடிந்த பிறகும் செடியைப் பிடுங்காமல் விட்டு இரண்டாம் காய்ப்பு எடுக்கும் வழக்கம் தண்டுக் கூன்வண்டுக்கும் காய்ப்புழுவுக்கும் இடம் கொடுத்தது. 1919இல் சென்னை மாகாணம் பயிர்ப் பூச்சி, நோய்ச் சட்டம் ஒன்றை இயற்றியது. அதன் கீழ் கம்போடியாச் செடிகளைக் குறித்த நாளுக்குள் பிடுங்க வேண்டும் என்ற ஆணை வந்தது. இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு எதிராக வேளாண் அலுவலர்கள் இன்றும் இதே அறிவுரையைத்தான் சொல்கிறார்கள்.

விலைக்கும் ஒரு சட்டம் வந்தது. எடையில் குறைப்பதும், கழிவு என்று சொல்லிப் பிடிப்பதும், முன்பணம் கொடுத்து விலையை அமுக்குவதும் பருத்தி வியாபாரத்தில் பழகிப்போனவை. அவற்றைக் கட்டுப்படுத்த 1933இல் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் இயற்றப்பட்டது. 1936இல் திருப்பூரில் பருத்திக்காக ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் தொடங்கியது. இன்று மாநிலம் முழுவதும் உள்ள விற்பனைக்கூடங்களுக்கு மூலம் பருத்திதான்.

விதை ஆராய்ச்சியில் தமிழ்நாடு நாட்டுக்கே முன்னோடியாக இருந்தது. கம்போடியாவையும் உகாண்டா இனத்தையும் கலந்து உருவான எம்.சி.யு. வரிசையில் 1968இல் வந்த எம்.சி.யு. 5 நீள இழைப் பருத்திக்குப் புது வழி திறந்தது. 1970களில் கோவையில் உருவான சுவின் இரகத்தின் இழை 38 மில்லிமீட்டரைத் தாண்டும். 120ஆம் நம்பர் நூல்வரை நூற்கலாம். நம்பர் கூடக் கூட நூல் மெல்லியதாகும். 40ஆம் நம்பர் நூல் ஒரு கிலோவைப் பிரித்து நீட்டினால் ஏறத்தாழ 68 கிலோமீட்டர் வரும். திண்டுக்கல்லில் ஒரு முனையைக் கட்டினால் மறுமுனை மதுரையைத் தொட்டுவிடும். அவ்வளவு நீளத்துக்கும் அறாமல் வர இழை நீளமாக இருக்க வேண்டும். அந்த இழையை நம் நிலத்திலேயே விளைவிக்கும் அறிவு நம்மிடம் இருந்தது.

தறியின் பங்கு

திண்டுக்கல்லுக்குத் தெற்கே மதுரைச் சாலையில் இருக்கும் சின்னாளப்பட்டி இச்சமவெளியின் நெசவு ஊர். சின்னாளப்பட்டியின் சுங்குடிச் சேலை தமிழ்நாடெங்கும் அறிமுகமானது. நூலுக்குச் சாயமேற்றுவது, பாவு ஓட்டுவது, நெய்வது, கஞ்சி போட்டுச் சேலையை நீளமாக விரித்துக் காயவைப்பது என்று வீட்டுக்கு வீடு வேலை பிரிந்திருந்தது.

அதற்கு அருகில்தான் 1947இல் டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். கதர் நூற்பும் நெசவும் அதன் தொடக்ககாலப் பணிகளில் அடங்கும். தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏகாம்பரநாதன் உருவாக்கிய அம்பர் ராட்டை 1950களில் நாடு முழுவதும் பரவியபோது, ஆலை பறித்த வேலையை அது பெண்களுக்குத் திருப்பிக் கொடுக்கும் என்ற நம்பிக்கை எழுந்தது. கதர் ஆலைத் துணியை விலையில் வெல்லவில்லை. ஆனாலும் நூற்பவரின் கூலியை விலையின் ஒரு பகுதியாக வைத்துத்தான் துணியை விற்க வேண்டும் என்ற கொள்கையை அது நிலைநாட்டியது. கூலியைக் கடைசியில் மிஞ்சுவதாகப் பார்க்காமல் முதலிலேயே கணக்கில் வைத்த இந்த முறைக்கு இன்றைய ஆலைத் தொழிலில் இன்னும் அதிகத் தேவை இருக்கிறது.

கைத்தறிக்குச் சட்டம் ஒரு பிடிப்பைக் கொடுத்தது. நூற்பாலைகள் உள்நாட்டுக்கு விற்கும் நூலில் ஒரு பங்கைச் சிட்ட நூலாகவே தர வேண்டும் என்பது ஒன்றிய அரசின் விதி. தறிக்காரருக்கு வேண்டியது கோன் நூல் அல்ல, கழியாகச் சுற்றிய சிட்டம். இந்தப் பங்கு முன்பு 50 விழுக்காடாக இருந்தது. 2003இல் 40 ஆகவும் 2019இல் 30 ஆகவும் குறைக்கப்பட்டது. குறைந்தாலும் ஆலையையும் தறியையும் சட்டத்தால் இணைக்கும் கயிறாக அது நீடிக்கிறது.

வயல் சுருங்கிய காரணங்கள்

திண்டுக்கல் பகுதியில் பருத்தி இரண்டு பட்டங்களில் இறவையாக விதைக்கப்படும். ஆவணி, புரட்டாசியில் குளிர்காலப் பயிர். மாசியில் கோடைப் பயிர். நூற்றைம்பது நாளுக்கு மேல் காட்டில் நிற்கும் இந்தப் பயிர் படிப்படியாக இடம் இழந்ததற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது பூச்சி. அதிக விளைச்சல் தரும் அமெரிக்க இரகங்களும் 1970களில் வந்த வீரிய ஒட்டு விதைகளும் பூச்சியைத் தாங்கவில்லை. 1990களில் நாட்டின் சாகுபடிப் பரப்பில் ஏறத்தாழ 5 விழுக்காட்டில் விளைந்த பருத்திக்கு, நாட்டில் செலவான பூச்சிக்கொல்லியில் பாதிக்கு அருகில் போனது. 2002 மார்ச்சில் அனுமதி பெற்ற பி.டி. பருத்தி காய்ப்புழுவை முதலில் அடக்கியது. பிறகு சாறு உறிஞ்சும் பூச்சிகள் பெருகின. இளஞ்சிவப்புக் காய்ப்புழு பி.டி. நஞ்சுக்கு எதிர்ப்புத்திறன் பெற்றுத் திரும்பி வந்தது. விதையை ஆண்டுதோறும் விலை கொடுத்து வாங்க வேண்டிய நிலை மட்டும் மாறவில்லை.

இரண்டாவது எடுப்புக்கூலி. காய் ஒரே நேரத்தில் வெடிப்பதில்லை. பலமுறை கையால் பஞ்சு எடுக்க வேண்டும். இந்த வேலையைச் செய்தவர்கள் பெண்கள். ஆலைகளும் நூறு நாள் வேலையும் நகரத்து வேலைகளும் வந்தபின், வெயிலில் குனிந்து எடுக்கும் கூலிக்கு ஆள் குறைந்தது. கூலியை உயர்த்தினால் சம்சாரிக்குக் கட்டவில்லை. இதில் பெண்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை; அந்த வேலைக்குக் கொடுத்த கூலி எந்நாளும் குறைவாகவே இருந்தது.

மூன்றாவது விலை. 2025–26ஆம் ஆண்டுக்கு ஒன்றிய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு நடுத்தர இழைக்கு 7,710 ரூபாய், நீள இழைக்கு 8,110 ரூபாய். ஆதரவு விலையில் வாங்கும் இந்தியப் பருத்திக் கழகம் பெரும் கொள்முதலைச் செய்வது பருத்தி மிகுதியாக விளையும் மாநிலங்களில்தான். சிதறிக் கிடக்கும் சிறு விளைச்சலுக்கு வியாபாரி சொன்னதே விலை.

இதைச் சட்டைக் கணக்காகப் பார்க்கலாம். விதைப்பருத்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் பஞ்சு, மற்றது கொட்டை. நூற்பிலும் வெட்டுத் துணியிலும் போகும் கழிவைச் சேர்த்தால், 200 கிராம் எடையுள்ள ஒரு பனியன் சட்டைக்கு சுமார் 800 கிராம் விதைப்பருத்தி தேவைப்படும். ஆதரவு விலை முழுதாகக் கிடைத்தாலும் அதற்குச் சம்சாரிக்கு வருவது 65 ரூபாய். விதை, உரம், மருந்து, உழவு, தண்ணீர், எடுப்புக்கூலி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

ஆலைகள் பெருகிய கதை

வயல் சுருங்கிய அதே காலத்தில் ஆலைகள் பெருகின. 1991க்குப் பின் தொழில் உரிமக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. 1999இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டம் புதிய எந்திரங்களுக்கு வட்டிச் சலுகை தந்தது. 2005 தொடக்கத்தில் உலக ஆடை வணிகத்தில் ஒதுக்கீட்டு முறை முடிவுக்கு வந்து ஏற்றுமதி வாசல் திறந்தது. திருப்பூரின் பின்னலாடைத் தொழிலுக்கு நூல் வேண்டியிருந்தது. நிலமும் கூலியும் மலிவாகக் கிடைத்த வேடசந்தூர், நிலக்கோட்டை, நத்தம் வட்டாரங்களுக்கு மில்கள் வந்தன.

கோவையின் பழைய மில்களில் சங்கம் அமைத்த நிரந்தர ஆண் தொழிலாளர்கள் இருந்தார்கள். புதிய மில்கள் அந்த வழியில் போகவில்லை. கிராமத்து இளம்பெண்களை விடுதியில் தங்கவைத்து வேலை வாங்கின. பெண்களை இரவு ஷிப்டில் வேலைக்கு வைப்பதைத் தடுத்த தொழிற்சாலைச் சட்டப் பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில் செல்லாது என்றது. பெண்ணுக்குச் சம உரிமை என்ற அடிப்படையில் இப்படித் தீர்ப்பளித்தபோதே, பாதுகாப்பு நிபந்தனைகளையும் அது சேர்த்தே விதித்தது. உரிமையை எடுத்துக்கொண்ட அளவுக்கு நிபந்தனைகளை எல்லா ஆலைகளும் எடுத்துக்கொள்ளவில்லை.

சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் நடந்ததைத் தமிழ்நாடு அறியும். மூன்று ஆண்டு வேலை செய்தால் முடிவில் மொத்தமாக ஒரு தொகை. அது பெண்ணின் கல்யாணச் செலவுக்கு ஆகும் என்பது வாக்குறுதி. இடையில் நோயால் வெளியேறினால் அந்தத் தொகை கைக்கு வராமல் போகும். பயிலுநர் என்ற பெயரில் குறைந்த கூலி, வெளியே போகக் கட்டுப்பாடு, ஷிப்டுக்கு மேல் ஷிப்டு, பஞ்சுத் தூசியால் நுரையீரல் நோய் என்று நெதர்லாந்தைச் சேர்ந்த இரண்டு அமைப்புகள் 2011இலும் 2014இலும் வெளியிட்ட ஆய்வறிக்கைகள் உலகுக்கு எடுத்துச் சொன்னன. மலிவான நூலின் விலையைச் செலுத்தியவர்களில் பலர் மானாவாரிக் காட்டில் பிழைக்க முடியாத குடும்பங்களின் பெண்கள், தலித் பெண்கள். காட்டில் பஞ்சு எடுத்த தாயின் மகள் ஆலையில் நூல் பிணைத்தாள். வரதட்சணை என்ற சமூகக் கொடுமை தொழிலின் மூலதனமாக்கப்பட்டது. இதைச் சொல்லாமல் திண்டுக்கல்லின் நூற்பு வளர்ச்சியைப் பேசுவது நேர்மையாகாது.

திண்டுக்கல் ஒப்பந்தம்

2021 ஜனவரியில், வேடசந்தூர் வட்டத்தில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த இளம் தலித் பெண் ஒருவர் கொலை செய்யப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன் நீதி கேட்டுப் போராடியது. ஆசிய அடிமட்டக் கூலிக் கூட்டமைப்பும் அமெரிக்கத் தொழிலாளர் உரிமை அமைப்பும் அதற்குத் துணை நின்றன.

விளைவாக 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஈஸ்ட்மேன் நிறுவனத்தோடும் எச் அண்டு எம், கேப், பி.வி.எச். ஆகிய ஆடை நிறுவனங்களோடும் தொழிற்சங்கம் செய்த ஒப்பந்தம் இது. ஆடை ஆலையோடு நூற்பாலையும் இதில் அடங்கும். 25 தொழிலாளருக்கு ஒருவர் என்ற கணக்கில் தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள் பயிற்சி பெற்றார்கள். பாலியல் துன்புறுத்தலும் சாதி இழிவும் குறித்த புகார்களைச் சுயேச்சையான குழு விசாரிக்கும். ஆலை தவறினால், வாங்கும் நிறுவனங்கள் வணிக விளைவை ஏற்படுத்தியே ஆக வேண்டும். அது சட்டப்படி அவர்களைக் கட்டுப்படுத்தும். முதல் ஆண்டில் 185 குறைகள் பதிவாகி, ஒருசில தவிர அனைத்தும் தீர்க்கப்பட்டன. 2022 ஜூலையில் அந்த ஆலையின் சரக்குக்கு அமெரிக்கச் சுங்கத் துறை விதித்த தடை, செப்டம்பரில் விலக்கப்பட்டது.

நல்லெண்ண அறிவிப்புகளும் தணிக்கைச் சான்றிதழ்களும் பத்தாண்டுகளாகச் செய்யாததைக் கையெழுத்திட்ட ஒப்பந்தம் செய்தது. வாங்குபவரையும் தொழிலாளியையும் நேராக இணைத்ததுதான் அதன் பலம்.

இல்லாத இணைப்பு

இதுவரை பார்த்ததைத் தொகுத்தால் ஓர் உண்மை தெளிவாகிறது. ஆலையைத் தறியோடு இணைக்கச் சிட்ட நூல் விதி இருக்கிறது. ஆடை வாங்குபவரைத் தொழிலாளியோடு இணைக்கத் திண்டுக்கல் ஒப்பந்தம் வழிகாட்டியிருக்கிறது. ஆலையைச் சம்சாரியோடு இணைக்கும் கட்டுப்பாடு எதுவும் இல்லை. பஞ்சு விலை ஏறினால் மில்கள் கேட்பது இறக்குமதி வரி விலக்கு. 2021 பிப்ரவரியில் விதிக்கப்பட்ட 11 விழுக்காடு வரி 2022இலும் 2025இலும் தற்காலிகமாக நீக்கப்பட்டது. சந்தைக்கட்டணம் ஒரு விழுக்காட்டைத் தமிழ்நாடு அரசும் 2022இல் நீக்கியது. ஆலை பிழைக்க இவை தேவைப்படலாம். ஆனால் விலை விழும்போது சம்சாரியைக் காக்க ஆலைக்கு எந்தக் கடமையும் இல்லை என்பது நியாயமல்ல.

வழி இருக்கிறது. ஒப்பந்தச் சாகுபடிக்கென 2019இல் தமிழ்நாடு தனிச் சட்டம் இயற்றியது. 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் ஒன்றிய அரசு அறிவித்த ஐந்தாண்டுப் பருத்தி இயக்கம் மிக நீள இழைப் பருத்திக்கு முதலிடம் தருகிறது. சுவின் போன்ற இழையை இறக்குமதி செய்யும் நாட்டில், அதை உருவாக்கிய மாநிலமே அதைப் பெரிய அளவில் விளைவிக்காமல் இருப்பது பெரும் இழப்பு. திண்டுக்கல், தேனி மாவட்டங்களின் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களோடு வேடசந்தூர் மில்கள் பல ஆண்டு ஒப்பந்தம் செய்ய வேண்டும். ஆதரவு விலைக்குக் குறையாத அடிவிலையும், இழைத் தரத்துக்கேற்ற கூடுதல் விலையும், எடுப்புக்கூலியின் உயர்வுக்கேற்ப விலை மாறும் ஏற்பாடும் அதில் எழுத்தில் இருக்க வேண்டும். பூச்சியைத் தாங்கும் கருங்கண்ணிக்குக் கரிசல் நிலத்தில் தனிச் சந்தை வேண்டும். கைத்தறியும் கதரும் அதற்கு இயல்பான வாடிக்கையாளர்கள்.

தொழிலாளர் பக்கமும் மாற்றம் ஓர் ஆலைக் குழுமத்தோடு நின்றுவிடக் கூடாது. இச்சமவெளியின் மற்ற நூற்பாலைகளுக்கும் திண்டுக்கல் ஒப்பந்தத்தின் விதிகள் விரிய வேண்டும். விடுதிகளைத் தொழிலாளர் துறை தவறாமல் ஆய்வு செய்ய வேண்டும்.

சம்சாரிக்கு அடிவிலையும் தொழிலாளிக்கு முழுக்கூலியும் கொடுத்தால் நூல் விலை சற்று ஏறும். ஒரு சட்டையில் அது சில ரூபாய்தான். அந்தச் சில ரூபாயைத் தராமல் இருப்பதற்காகத்தான் நூற்றைம்பது ஆண்டுகளாகச் சம்சாரியும் பெண்ணும் மாறிமாறி இழந்திருக்கிறார்கள். இனி அதை வாங்குபவரும் விற்பவரும் ஏற்க வேண்டும். அரசு அதை ஒப்பந்தத்தாலும் சட்டத்தாலும் உறுதிசெய்ய வேண்டும்.